ஏழு வயசுப் பிள்ளைக்கு ஸ்ட்ரோலரா? தீம் பார்க் கிளம்பும் வேலூர்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் ஒரு சின்ன டிராவல்ஸில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஏப்ரல், மே வந்தால் பெங்களூருக்கும் சென்னைக்கும் வேன். டிசம்பரில் சிங்கப்பூர், துபாய். மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்று வருஷத்துக்கு ஓரிரு குடும்பம் ஆர்லாண்டோ வரை போகும். விசா, டிக்கெட், சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று எல்லாம் கேட்டு முடித்து, வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "அக்கா, பெரியவனுக்கு ஏழு வயசு ஆவுது. ஆனா ரொம்ப நேரம் நடக்க மாட்டான். வண்டி ஏதாவது..." பாதியில் நிறுத்திவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்த பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

குழந்தை வண்டியைத் தள்ளுவண்டி என்றும் எழுதலாம். நம்மூரில் தள்ளுவண்டி என்றால் வேர்க்கடலை வண்டி. அதனால் ஸ்ட்ரோலர் என்றே எழுதுகிறேன்.

ஐந்து வயது தாண்டிய குழந்தைக்கு ஸ்ட்ரோலர் வேண்டுமா, வேண்டாமா?

சென்னை, பெங்களூரு பூங்காக்களுக்கு வேண்டாம். காலையில் நுழைந்தால் இரவு வாணவேடிக்கை பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவது என்கிற வெளிநாட்டுப் பூங்காக்களுக்கு, ஏழு எட்டு வயது வரைக்கும் யோசிக்கலாம்.

வயதை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். முதலில் கேட்பது, கடைசி இரண்டு மணி நேரம் பிள்ளை எப்படி இருப்பான் என்று. காலை பத்து மணிக்கு எல்லாப் பிள்ளையும் குதிரைதான், கையை விட்டுவிட்டு ஓடும். இரவு ஒன்பதரைக்குக் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்து, பஸ் நிற்கும் இடம் வரை போக வேண்டும். அப்போது அவன் நடப்பானா, தூங்கிவிடுவானா, தூங்கினால் யார் தூக்குவது? இதற்கு வீட்டில் தெளிவான பதில் இருந்தால் ஸ்ட்ரோலர் தேவையில்லை. "பார்த்துக்கலாம்" என்பது பதில் இல்லை.

சோளிங்கர் மலையை ஒரே மூச்சில் ஏறினான். பூங்காவில் மட்டும் ஏன் "கால் வலிக்குது" என்கிறான்?

அடிக்கடி வரும் கேள்வி இது, நியாயமானதும்கூட. சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படி. ஆறு வயதுப் பிள்ளைகள் ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன். (2024-இல் ரோப் கார் வந்த பிறகு பெரியவர்கள்தான் படியை மறந்துவிட்டார்கள், அது வேறு கதை.) ஆனால் மலை ஏறுவது ஒரு வேலை, தீம் பார்க் வேறு வேலை. மலையில் நடுவில் மண்டபம் வரும், உட்காரலாம். குரங்கு வரும், பையைப் பிடுங்கும், அலுப்பே தெரியாது. மேலே போனால் முடிந்தது.

பூங்காவில் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம். ஒரு ரைடுக்கு முக்கால் மணி நேரம் வரிசை, ரைடு மூன்று நிமிஷம். நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அசையாமல் நின்றால் அந்த வேலை நடக்காது, கால் கனத்துப்போகும். ரேஷன் கடை வரிசையில் நின்ற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கீழே சிமெண்ட் தரை, மேலே வெயில். அப்பா ஒரு எட்டு வைத்தால் பிள்ளை ஒன்றரை எட்டு வைக்க வேண்டும். நீங்கள் நடக்கிற தூரத்தை அவன் பாதி ஓட்டமாகவே முடிக்கிறான்.

எவ்வளவு பெரிய இடம்? நம்மூர்க் கணக்கில் சொல்லுங்களேன்.

வேலூர்க் கோட்டை 133 ஏக்கர், அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் 49 ஏக்கர், கோட்டையில் பாதிகூட இல்லை. துபாயில் இருக்கும் ஐஎம்ஜி வேர்ல்ட்ஸ் முழுக்கக் கூரைக்குள், ஏசியில். அது 15 லட்சம் சதுர அடி, அதாவது ஏறக்குறைய 34 ஏக்கர். ஆர்லாண்டோ பக்கம் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் சுமார் 107 ஏக்கர். கிட்டத்தட்ட நம் கோட்டையேதான், உள்ளே மேட்டையும் மைதானத்தையும் எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் ரைடும் கடையும் வைத்தது போல. அதே டிஸ்னியின் எப்காட் 300 ஏக்கர், இரண்டு கோட்டைக்கும் மேல். அங்கே ஏரியைச் சுற்றிப் பதினோரு நாடுகளின் கட்டடங்கள் இருக்கின்றன. அந்த ஒரு சுற்று மட்டும் ஏறக்குறைய 1.9 கிலோமீட்டர். ஸ்ரீபுரம் தங்கக்கோவிலில் நட்சத்திரப் பாதையை முழுக்க நடந்தவர்களுக்கு இந்தத் தூரம் காலிலேயே தெரியும். அது சுமார் 1.8 கிலோமீட்டர்.

வந்த வழியே திரும்பி, விட்ட ரைடுக்கு மறுபடி ஓடி, கழிப்பறை தேடி அலைந்து என்று கூட்டினால் பெரிய பூங்காக்களில் ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் தாண்டுவது சாதாரணம். கிரிவலப் பாதையே 14 கிலோமீட்டர்தான். அதையும் இரவின் குளிரில் நடக்கிறோம்.

பெங்களூர் வொண்டர்லாவுக்கு ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? அதுவும் 82 ஏக்கர் ஆச்சே?

ஆமாம். ஆனால் நம் பக்கத்துப் பூங்காக்களில் பாதி நாள் தண்ணீரில் போகும். ஈர உடையோடு, வெறுங்காலோடு ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு ஓடும் பிள்ளை வண்டியில் உட்காராது. நடுவில் படிகள் வேறு. ஸ்ட்ரோலர் கடைசியில் துண்டும் தண்ணீர் பாட்டிலும் வைக்கிற அலமாரியாகிவிடும். அதற்கு வாடகை லாக்கர் போதும். காட்பாடியிலிருந்து வொண்டர்லா இருக்கும் பிடதிக்கு வேனில் நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். திரும்பும்போது பிள்ளை தூங்க வேனே இருக்கிறது. சென்னை போகிறவர்களுக்கு இன்னும் சுலபம்.

இங்கே நீங்கள் பார்க்க வேண்டியது உயரம். வொண்டர்லாவில் குழந்தை டிக்கெட்டா பெரியவர் டிக்கெட்டா என்பதையே உயரத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள், 140 சென்டிமீட்டர் கணக்கு. பெரிய ரைடுகளுக்கும் அளவுகோல் வைத்திருப்பார்கள். வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்து, எதில் ஏற முடியாது என்பதை முன்னாடியே சொல்லிவிடுங்கள். வரிசையின் முனையில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளையின் அழுகையை எந்த வண்டியும் ஆற்றாது.

ஏழு வயதுப் பிள்ளையை ஸ்ட்ரோலர் தாங்குமா?

அலமாரி மேல் இருக்கும் பழைய ஸ்ட்ரோலர் தாங்காது. நாம் சாதாரணமாக வாங்குகிற மாடல்கள் பெரும்பாலும் 15 கிலோ வரைதான். வண்டிக் கம்பியில் ஒட்டியிருக்கும் லேபிளில் போட்டிருக்கும், பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளை சராசரியாக 18 கிலோ, ஏழு வயதில் 22, 23 கிலோ. ஐரோப்பியத் தர விதிகளில் 15 கிலோ வரை ஒரு பிரிவு, 15 முதல் 22 கிலோ வரை இன்னொரு பிரிவு என்று இருக்கிறது. பெரிய பிள்ளைக்கு இந்த இரண்டாவது வகையைத்தான் தேட வேண்டும். டிஸ்னியில் வாடகைக்குத் தரும் ஒற்றை ஸ்ட்ரோலர் ஏறக்குறைய 23 கிலோ வரையுள்ள பிள்ளைக்கு. கடினமான பிளாஸ்டிக்கில் செய்தது, சாய்த்துப் படுக்க வைக்க முடியாது, ஆனால் உறுதியானது.

எடையோடு காலையும் பாருங்கள். முழங்கால் மார்பைத் தொட, பாதம் முன்சக்கரத்தில் உரச உட்கார்ந்திருந்தால் அது ஓய்வும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

மாமியார் சிரிக்கிறார். "எங்க காலத்துல..." என்று ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொல்வதிலும் பாதி சரி. நடக்கிற பிள்ளையை நடக்கத்தான் விட வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களையே ஒரே தடவையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஸ்ட்ரோலரில் கட்டி வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. தினமும் பள்ளிக்கும் கடைக்கும் ஏழு வயதுப் பிள்ளையை வண்டியில் தள்ளிக்கொண்டு போனால் நானும் மாமியார் பக்கம்தான்.

ஆனால் அவர் காலத்தில் பிள்ளைகளை யாருமே சுமக்கவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வைகாசி முதல் நாள் போய்ப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் அப்பா, தாய்மாமன் தோள் மேல் உட்கார்ந்துதான் ஊர்வலத்தில் வரும் அம்மன் சிரசைப் பார்க்கும். திரும்பும்போது உப்பு மூட்டை. அன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு நாலு மாமன்கள் இருந்தார்கள், தோள் மாற்றித் தோள் கைமாறியது. இன்றைக்குச் சிங்கப்பூர் போவது அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை. மாமன் இருந்த இடத்தில் நாலு சக்கரம் இருக்கிறது என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் எடுபட்டது.

அப்புறம் பிள்ளை பழகிவிட்டால்? இனிமேல் நடக்கவே மாட்டேன் என்றால்?

மூன்று நாளில் யாரும் பழகுவதில்லை. ஊர் திரும்பியதும் வண்டி கண்ணில் படாமல் போய்விடும், தெருவில் பந்து விளையாடக் கூப்பிட்டால் ஓடிவிடுவான்.

இங்கிருந்து கொண்டுபோவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா?

ஒரே ஒரு நாள் பூங்கா என்றால் அங்கேயே எடுங்கள். சிங்கப்பூர் யுனிவர்சல், ஹாங்காங் டிஸ்னிலேண்ட், அமெரிக்க டிஸ்னி பூங்காக்கள் எல்லாவற்றிலும் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு குறை உண்டு: பூங்கா வண்டி பூங்காவோடு சரி. கேட்டில் விட்டுவிட்டு, அங்கிருந்து நான் சொன்ன அந்தக் கடைசி நடையைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். மேஜிக் கிங்டத்தில் கார் நிறுத்தும் இடத்துக்கும் பூங்காவுக்கும் நடுவில் ஒரு ஏரியே இருக்கிறது. மோனோரயிலிலோ படகிலோ கடந்து வர வேண்டும்.

மூன்று நாலு நாள் ஊர் சுற்றுகிறீர்கள் என்றால் சொந்தமாக ஒன்று கொண்டுபோவது நல்லது. குடை மாதிரி மடங்குவது, கனமில்லாதது. வாங்கும் முன் சில விஷயங்கள். அமெரிக்காவில் உள்ள டிஸ்னி பூங்காக்களில் 2019 மே முதல் 79 சென்டிமீட்டர் அகலம், 132 சென்டிமீட்டர் நீளத்துக்கு மேற்பட்ட ஸ்ட்ரோலருக்கு அனுமதி இல்லை. பிள்ளைகளை உட்கார வைத்து இழுக்கும் வேகன் வண்டி அறவே கூடாது. டிஸ்னி பஸ்களில் ஏறும்போது மடிக்கச் சொன்னால், தூங்குகிற பிள்ளையை எழுப்பித்தான் மடிக்க முடியும். சிங்கப்பூர் இந்த விஷயத்தில் தங்கமான ஊர். ரயிலில் விரித்தபடியே தள்ளிக்கொண்டு ஏறலாம், 2017 முதல் பஸ்ஸிலும் அப்படித்தான்.

விமானத்தில் கைக்குழந்தைக்காரர்களை ஸ்ட்ரோலரோடு விமான வாசல் வரை விடுவார்கள். ஏழு வயதுக்காரனுக்கும் அதே சலுகை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். டிக்கெட் போடும்போதே கேட்டு வைத்துக்கொண்டால் கவுண்டரில் சண்டை இல்லை.

ரைடில் ஏறும்போது வண்டியை எங்கே விடுவது? காணாமல் போகாதா?

ஒவ்வொரு ரைடுக்கும் பக்கத்தில் ஸ்ட்ரோலர் நிறுத்தும் இடம் இருக்கும். நீங்கள் வெளியே வரும்போது அது விட்ட இடத்தில் இருக்காது, ஊழியர்கள் ஒழுங்குபடுத்துகிறேன் என்று தள்ளி வைத்திருப்பார்கள். ஒரே மாதிரி நூறு வண்டி நிற்கும். கைப்பிடியில் பளிச்சென்று ஒரு துணி கட்டுங்கள். பாட்டியின் பழைய சுங்குடிச் சேலையில் ஒரு முழம் கிழித்துக் கட்டிய குடும்பம் ஒன்று உண்டு, நூறு அடி தூரத்திலிருந்தே தெரிந்ததாம். பாஸ்போர்ட், பணம், போன் வண்டியில் வேண்டாம்.

ஏழு வயதும் மூன்று வயதும் இருக்கிறார்கள். இரட்டை ஸ்ட்ரோலர் எடுக்கலாமா?

வேண்டாம் என்பது என் கட்சி. கூட்டத்தில் திருப்ப முடியாது, எதிரில் வருபவர் கணுக்காலில் இடித்துக்கொண்டே இருப்பீர்கள். ஒற்றை வண்டி எடுத்து, மதியம் சின்னவளுக்கு, இருட்டிய பிறகு பெரியவனுக்கு என்று வீட்டிலேயே பேசி வைத்துவிடுங்கள். பேசாமல் போனால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கால் வலிக்கும், அது சத்தியம். அந்த நேரம் சின்னவளை நீங்கள் தூக்கலாம். 14 கிலோவைத் தூக்கலாம், 23-ஐ முடியாது.

பெரிய ரைடுக்குச் சின்னவளால் வர முடியாதபோது அப்பா முதலில் போக, அம்மா சின்னவளோடு வெளியே இருந்து, பிறகு மறுபடி முழு வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளும் வசதி டிஸ்னியில் இருக்கிறது. ரைடர் ஸ்விட்ச் என்று கேளுங்கள்.

வெயிலுக்கு வண்டி மேல் துண்டு போட்டு மூடலாமா?

கூடாது. நிழல் என்று நினைத்து மூடினால் உள்ளே காற்று ஓடாமல் அடுப்பு மாதிரி ஆகிவிடும். 40 டிகிரி கத்திரி வெயிலில் பூட்டி வைத்த கார் எப்படி இருக்கும் என்று நமக்கா தெரியாது? கூரையை மட்டும் இழுத்துவிட்டு, முன்பக்கம் திறந்திருக்கட்டும். பருத்தித் தொப்பி போடுங்கள், தண்ணீரை அவன் கேட்பதற்கு முன்னால் கொடுங்கள். ஆர்லாண்டோவில் கோடையில் மத்தியானம் இடி மழை சகஜம். பிளாஸ்டிக் மழை உறை ஒன்று பையில் இருக்கட்டும், மழை நின்றதும் எடுத்துவிடுங்கள்.

ஸ்ட்ரோலர் இல்லாமலே சமாளிக்க முடியாதா?

முடியும், நிறையப் பேர் சமாளிக்கிறார்கள். அதற்கு முதலில் ஷூ.

என் மகளுக்கு ஆறு வயதிருக்கும். பெங்களூர் பக்கம் ஒரு பூங்காவுக்குக் கிளம்பினோம். முந்தின நாள் லாங் பஜாரில் புது கேன்வாஸ் ஷூ வாங்கினேன். அடுத்த வருஷமும் போடட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக. மத்தியானம் மூன்று மணிக்கு அலைக்குளத்துக்கு வெளியே திண்ணையில் உட்கார்ந்து அவள் ஷூவைக் கழற்றினேன். ஈர சாக்ஸ் குதிகாலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக உரித்தேன். எட்டணாக் காசு அளவுக்குத் தோல் சாக்ஸோடு வந்துவிட்டது. அவள் அழவில்லை, திட்டு விழுமோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து வேன் வரை என் வீட்டுக்காரர் உப்பு மூட்டை தூக்கினார். நடுவில் எங்கேயோ அவள் ஷூ ஒன்று விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஊர் வந்து இரண்டு நாள் அவர் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்து ஆம்பூரில் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிறார்கள், நாம் பெற்ற பிள்ளைக்கு அளவு பார்த்து ஒன்று வாங்க மாட்டோம்.

ஆகவே ஒரு மாதமாவது போட்டுப் பழகிய ஷூ, இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸ், கொஞ்சம் தேங்காய் எண்ணெய், நாலு பிளாஸ்டர். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை எந்த வரிசையிலும் நிற்காமல், கூரைக்குள் நடக்கும் காட்சிகளாகப் பார்த்து உட்காருங்கள். விடுதி பக்கத்தில் என்றால் போய்ப் படுத்து எழுந்து மாலை திரும்புங்கள். காசு கொடுத்திருக்கிறோம், ஒரு ரைடையும் விடக்கூடாது என்று நினைக்கிற வீட்டுக்குத்தான் ஸ்ட்ரோலர் அவசியமாகிறது.

மகனுக்கு ஆட்டிசம். வயது பத்து. யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று தயக்கம்.

மேலே வயதைப் பற்றி நான் சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லை. தேவைப்படுகிற பிள்ளைக்கு எந்த வயதிலும் வண்டி வேண்டும்தான். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கால் நன்றாகவே இருக்கும். இரைச்சலும் கூட்டமும்தான் தாங்காது. கூரையை இழுத்துவிட்ட ஸ்ட்ரோலர் அவர்களுக்கு ஒரு சின்ன அறை. பத்து வயதுக்கு ஏற்ற பெரிய அளவு ஸ்ட்ரோலர்கள் தனியாகக் கிடைக்கின்றன. அமெரிக்க டிஸ்னியில் விருந்தினர் சேவை அலுவலகத்தில் கேட்டால் ஸ்ட்ரோலரைச் சக்கர நாற்காலியாகக் கருதும்படி ஒரு அட்டை கட்டித் தருவார்கள். அப்புறம் அதை வரிசைக்குள்ளும் தள்ளிக்கொண்டு போகலாம்.

தயக்கத்துக்கு வேலூர்க்காரர்களான நமக்கு இடமே இல்லை. 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் இருந்த ஊர் இது. சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966-இல் பாகாயத்தில் வந்தது அவரால்தான். எந்த மாதிரி இருக்கை உங்கள் மகனுக்குச் சரி என்பதை அவனைப் பார்க்கிற மருத்துவரிடமோ தெரபிஸ்டிடமோ கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சும்மா தெருமுனை வரை நடந்தாலே உட்கார்ந்துவிடுகிறாள். சோம்பேறித்தனமா?

அதை நான் சொல்ல முடியாது, நீங்களும் சொல்லாதீர்கள். ரத்தசோகையாக இருக்கலாம், மூச்சுப் பிரச்சினையாக இருக்கலாம், கால் தசையாக இருக்கலாம். பயணத்துக்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்பது, பத்து வயது, ஆரோக்கியமான பிள்ளை?

வேண்டாம். முறுக்கும் தண்ணீரும் கொடுத்து நடக்க வையுங்கள்.

முடிவு எடுக்க முடியவில்லை. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, செலவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். ஜலகண்டேஸ்வரர் கோவில், அருங்காட்சியகம், மதில், மைதானம் என்று ஏழு மணி வரை சுற்றுங்கள். நடுவில் இருபது நிமிஷம் எங்கேயாவது சும்மா நிற்க வையுங்கள், அதுதான் பரீட்சை. ஏழு மணிக்கு ஆட்டோ பிடிக்காமல் பழைய பஸ் ஸ்டாண்டு வரை நடங்கள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தால் வண்டி வேண்டாம். பேச்சு நின்று, கை கனத்து, உங்கள் புடவையைப் பிடித்துத் தொங்கினால் வேண்டும்.

ஒரே ஒரு பயணத்துக்காகப் புதிதாக வாங்குவதா?

வாங்காதீர்கள். 22 கிலோ தாங்கும் நீல நிற ஸ்ட்ரோலர் ஒன்று எங்கள் அலுவலகத்தில் கிடக்கிறது. ஒரு குடும்பம் விட்டுப்போனது. கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்து, மூன்று தடவை சிங்கப்பூரும் ஒரு தடவை துபாயும் பார்த்துவிட்டது. போன மாதம் திரும்பியபோது அடிக்கூடையில் அரை பாக்கெட் முறுக்கும் ஒரு குழந்தை சாக்ஸும் இருந்தன. சாக்ஸ்காரர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். வண்டி வேண்டுமென்பவர்கள் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். பின்சக்கரம் ஒன்று இடது பக்கம் இழுக்கிறது, எண்ணெய் விட்டுத் தர வேண்டும்.